கடையில் பாடிய பெட்டி

மூன்றாவது முறையாக ரெக்கார்ட் பிளேயரைக் காரின் பின்சீட்டில் ஏற்றி, அதற்கு சீட் பெல்ட்டும் மாட்டிவிட்டு, சபரீஷ் கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தான்.

“பாய், இந்தத் தடவை சரியா இருக்குமுங்களா?”

ஜபருல்லா கையிலிருந்த துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். டவுன்ஹால் பக்கத்துச் சந்தில் பழைய ரேடியோக்களுக்கும் பெட்டிகளுக்கும் நடுவே தினமும் உட்கார்ந்திருக்கிற மனிதர். பொறுமைசாலிதான். ஆனால் இந்த ஒரு வாடிக்கையாளர் அந்தப் பொறுமையின் அடிமட்டம் வரைக்கும் இறங்கிப் பார்த்துவிட்டான்.

“தம்பி, இப்பத்தான உங்க காதால கேட்டீங்க? ஒரு பக்கம் முழுசாப் பாடுச்சு. இன்னொரு தட்டும் போட்டுக் காட்டினேன். நடுவுல டீ கூடக் குடிச்சோம். இதுக்கு மேல சரியா இருக்கணும்னா நானே உங்க வீட்டுக்கு வந்து உக்காந்து பாடணும்.”

“கோவிச்சுக்காதீங்க பாய். போன ரெண்டு தடவையும் இங்க நல்லாத்தான் பாடுச்சுங்க. ஊட்டுக்குப் போனா உறுமுது.”

“அப்ப ஊட்டத்தான் ரிப்பேர் பண்ணணும்” என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த ஆளின் மிக்ஸியைத் திருப்பிப் போட்டார்.

அவிநாசி ரோட்டில் லாரிக்குப் பின்னால் லாரியாக நகர்ந்து, நீலாம்பூரைத் தாண்டுகிறவரை சபரீஷ் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்துக்கொண்டே வந்தான். மேடுபள்ளம் வந்தால் பிரேக்கை மெதுவாக மிதித்தான். பிறந்த குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வருகிறவன்கூட அப்படி ஓட்டியிருக்க மாட்டான். பெட்டிக்குள் இருப்பது புது ஸ்பீக்கர். அதற்கு முன்னால் போட்டதும் புது ஸ்பீக்கர்தான். அதை ‘டூப்ளிகேட்’ என்று சண்டை போட்டுத்தான் இதை மாற்றி வாங்கியிருந்தான்.

கருமத்தம்பட்டி வீட்டு வாசலில் அம்மா ராசாத்தாள் நின்றிருந்தாள். பெட்டியை இறக்குமுன்பே உப்பும் மிளகாயும் உள்ளங்கையில் தயாராக இருந்தன.

“அப்படியே நில்லு கண்ணு. சுத்திப் போட்டுர்றேன். இந்தப் பெட்டி மேல ஒறம்பரை, சொந்தபந்தம் பூராவும் கண்ணு வெச்சிருக்குது.”

“அம்மா, இது கனமா இருக்குதுங்கம்மா.”

“கனமாத்தான் இருக்கும். கண்ணு பட்டா கனக்கும்.”

ஹாலில் மேசை தயாராக இருந்தது. லோகப்பிரியா அப்போதுதான் சோமனூர் வங்கியிலிருந்து வந்து முகம் கழுவியிருந்தாள். நெற்றி ஓரத்து முடி ஈரமாக ஒட்டியிருந்தது. உறையிலிருந்து வீணை இசைத்தட்டை உருவி, விளிம்பைப் பிடித்து, வாயால் ஊதி, சுழலுகிற தட்டின் மேல் வைத்தாள். தறிக் குடோன் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு அப்பா நஞ்சுண்டனும் வந்துவிட்டார். தலை முழுக்கப் பஞ்சு.

வீணை எழுந்தது. நான்கு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். சபரீஷ் மனைவியின் முகத்தைப் பார்த்தான். அவளுடைய கண்கள் மெல்ல மூடின. ‘அப்பாடா’ என்று அவன் நினைத்த அந்த நேரம் பார்த்து, வீணைக்கு அடியிலிருந்து அது கிளம்பியது. காலி அண்டாவை யாரோ தரையில் உருட்டுவது போல ஓர் உறுமல். நிற்கிற மாதிரி போக்குக் காட்டும், மறுபடியும் உருளும். பிறகு முள் ஒரு துள்ளு துள்ளிப் பாட்டின் நடுவே போய் விழுந்தது.

லோகப்பிரியா கண்ணைத் திறந்தாள். முள்ளைத் தூக்கி ஓரத்தில் வைத்தாள்.

“காப்பி வெக்கறனுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

“நாஞ்சொன்னா யாரு கேக்கறீங்க?” என்றார் நஞ்சுண்டன். “வோல்டேஜ். பொழுதோட இங்க வோல்டேஜ் ஏறி எறங்குது. தறி மோட்டாரே மொனகுது, இது எம்மாத்தரம்?”

“ஸ்டெபிலைசர் போட்டுப் பாத்தாச்சுங்களேப்பா!”

“அது சின்னது.”

சபரீஷுக்கு அந்த மேசையை அப்படியே புரட்டித் தள்ளிவிடலாம் போல இருந்தது.

பெட்டிக்கும் அவனுக்கும் உள்ள பந்தம் கல்யாணத்துக்கு முன்பே தொடங்கியது. ஆனைமலைக்குப் பெண் பார்க்கப் போயிருந்த அன்றைக்குப் பெரியவர்கள் எல்லாம் ஹாலில் தென்னை விலை பேசிக்கொண்டிருக்க, இவர்கள் இருவரையும் பேசிக்கொள்ளச் சொல்லிப் பக்கத்து அறைக்கு அனுப்பினார்கள். என்ன பேசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் பேசவே இல்லை. மூலையிலிருந்த தேக்குப் பெட்டியின் மூடியைத் திறந்து ஒரு தட்டைப் போட்டாள். வால்பாறையில் ஓர் எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது, முதல் சம்பளத்தில் அவளாகவே வாங்கிய பெட்டி அது. ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயே இருந்தது. வெளியே இருந்து பார்த்தால் மஞ்சள் வலைத்துணி மட்டும்தான் தெரியும். அந்தத் துணிக்குப் பின்னாலிருந்து வீணை, பக்கத்து அறையில் யாரோ உட்கார்ந்து வாசிப்பது மாதிரி வந்தது.

பாட்டு முடிந்ததும் அவள் கேட்டாள். “இது எங்கூட வருமுங்க. பரவால்லீங்களா?”

“வரட்டுமுங்க. நான் பாத்துக்கறேன்” என்றான் அவன். அவன் வாழ்க்கையில் அவ்வளவு சட்டென்று எதற்கும் சம்மதம் சொன்னதில்லை.

சீர் வண்டியில் கட்டில், பீரோ, மெத்தைகளோடு பெட்டியும் வந்தது. இறக்குகிற அவசரத்தில் எங்கேயோ இடித்திருக்க வேண்டும். முதல் நாள் போட்டபோதே உறுமியது. சபரீஷ் டெக்ஸ்டைல் இன்ஜினியரிங் படித்தவன். டார்ச் அடித்துப் பின்பலகையைக் கழற்றிப் பார்த்தான். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில், விளிம்போரமாக ஒரு கிழிசல். “கண்டுபுடிச்சுட்டேன்” என்று கத்தினான். ஜபருல்லா அதைப் பார்த்துவிட்டு, “சின்னக் கிழிசல் தம்பி, ஒட்டிக் குடுத்தா ஓடும்” என்றுதான் சொன்னார். இவன்தான் கேட்கவில்லை.

“ஒட்டுப் போட்டதெல்லாம் வேண்டாமுங்க பாய். கல்யாணமாகி வந்த சாமான். புதுசே போட்டுருங்க.”

புதுசு போட்டான். பழைய ஸ்பீக்கரை லோகப்பிரியா கேட்டு வாங்கி, பருத்திச் சேலையில் சுற்றிப் பீரோவில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து போட்டால் அதே உறுமல். போதாக்குறைக்கு வீணையின் குரலே மாறிப் போயிருந்தது. கொஞ்சம் தகரம் கலந்த குரல்.

“யாரோ பொம்பள வீணை மாதிரி வேஷம் போட்டு வந்து வாசிக்கறாப்பல இருக்குதுங்க” என்று அவள் சிரித்தாள். அப்போதெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நிதானமாக உட்கார்ந்து பார்க்கவும் நேரமில்லை. வேலை நாட்களில் அவள் வீடு திரும்பினால் சாயங்காலம். ஞாயிற்றுக்கிழமையானால் விருந்து. புதுசாகக் கல்யாணமானவர்களை ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தங்க விடுகிற வழக்கம் இந்தப் பக்கத்தில் எங்கே இருக்கிறது? மதுக்கரை மாமா, அன்னூர்ச் சித்தி, பங்காளி வீடு, பங்காளிக்குப் பங்காளி வீடு. இலை நிறையப் பலகாரம், கையில் ஒரு வேட்டி சேலை, “அடுத்த தடவ வாரப்ப மூணு பேரா வரோணும்” என்று ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லியே லோகப்பிரியாவுக்கு வாய் வலித்துவிட்டது. வீட்டிலும் அது விடவில்லை. ஹாலின் நடுக்கூரையில் ஒரு கனத்த இரும்புக் கொக்கி தொங்கியது. வீடு கட்டும்போதே தொட்டிலுக்கென்று ராசாத்தாள் போடச் சொன்னது. வருகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவை கொக்கியைப் பார்ப்பார்கள். பிறகு லோகப்பிரியாவைப் பார்ப்பார்கள்.

அன்றைக்குக் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவள் பெட்டியின் மூடியைச் சாத்தினாள்.

“புதங்கெழம மிதுன் தேங்கா கொண்டாரானுங்க” என்றாள். மிதுன் அவளுடைய தம்பி. “வண்டி சும்மாத்தான திரும்பிப் போகும். இத ஏத்தி உட்டர்லாமுங்க.”

சபரீஷ் டம்ளரைக் கீழே வைத்தான். “எங்க?”

“ஆனைமலைக்குத்தானுங்க. அங்க நல்லாப் பாடுச்சு.”

“இன்னொரு தடவ பாக்கலாம் அம்மணி. வேற கடைக்குக் கொண்டு போறேன். ஈரோட்டுல ஒருத்தரு இருக்காராம்…”

“வேண்டாமுங்க. உங்களுக்கும் அலைச்சல். அந்தப் பாய் பாவம், அவருக்கும் ரோதன. எனக்கு ஒண்ணும் கோவமில்லீங்க.” மூடியின் மேல் இல்லாத தூசியை அவள் துடைத்தாள். “இந்த ஊட்டுக்கு இது ஒத்து வரலீங்க. அவ்வளவுதான்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் அவன் திருப்பிக் கோபித்துக்கொண்டிருப்பான். அவள் வங்கிக் கவுண்டரில் யாருக்கோ விளக்கம் சொல்வது போல, பதமாகச் சொல்லிவிட்டுப் போனாள். ‘நான் பாத்துக்கறேன்’ என்று சொல்லி வாங்கி வந்தவன் அவன். அவளுக்கென்று இந்த வீட்டில் இருந்த ஒரே சாமானுக்கு ஒரு மூலை கொடுக்க முடியவில்லை என்றால், நாளைக்கு அவள் எந்த மூலையில் மனசு ஊன்றி உட்காருவாள்?

சமையலறையிலிருந்து எல்லாம் கேட்டிருந்த ராசாத்தாள், மகனைக் கொல்லைப்புறத்துக்கு இழுத்துப் போனாள்.

“ஏன்டா, உனக்குப் புத்தியிருக்குதா? சீரா வந்த சாமான் திரும்பி ஏறுனா ஊரு என்ன பேசும்னு தெரியுமா? மொதல்ல பெட்டி போச்சு, அடுத்தது எதுன்னு கேப்பாளுக. நம்மூரு வாய மூட நம்ம குடோன்ல இருக்கற துணி பத்தாது.”

“நான் என்னங்கம்மா பண்ணட்டும்? ஸ்பீக்கரா மாத்தி மாத்திப் போட்டாச்சு!”

“சத்தமாப் பேசாத. மாத்தற எடத்துல மாத்தோணும்.”

“எது மாத்தற எடம்?”

“அது தெரிஞ்சா நான் ஏன்டா உப்பு மொளகா சுத்தறேன்?”

மறுநாள் அவன் மேசையடியில் உட்கார்ந்து, பிளேயரை ஓடவிட்டு, ஜபருல்லாவுக்கு போன் போட்டான். உறுமலை அவர் காதாலேயே கேட்கட்டும் என்று போனை மஞ்சள் துணியருகே பிடித்தான்.

“கேக்குதுங்களா பாய்?”

“கேக்குது தம்பி. ஆனா சரியாக் கேக்கல. அங்க என்ன, மழையா?”

“மழையா? இல்லீங்களே. வெயில் பொளக்குது.”

“தகரத்து மேல மழ கொட்டுற மாதிரி இருக்கே. சன்னலச் சாத்துங்க.”

“பாய், மழையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நீங்க ஸ்பீக்கரக் கேளுங்க.”

“மழை நின்னதும் கூப்பிடுங்க தம்பி” என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். இந்த மனிதருக்குக் காதே சரியில்லை, இவரிடம் போய்ப் பாட்டுப் பெட்டியைக் கொடுத்தோமே என்று சபரீஷ் பல்லைக் கடித்தான்.

புதன்கிழமை வந்தது. அன்றைக்கு மாதாந்தரப் பராமரிப்பு. காலையிலிருந்து சாயங்காலம்வரை மின்சாரம் கிடையாது என்று முன்பே அறிவித்திருந்தார்கள். லோகப்பிரியா தம்பி வருகிறான் என்று லீவு போட்டிருந்தாள். பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றிக் கயிறு கட்டி, வாசல் நடையோரமாக வைத்திருந்தாள். சபரீஷ் அந்தப் பக்கமே பார்க்காமல் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஒன்பது மணிக்கு மின்சாரம் நின்றது. சமையலறையிலிருந்து லோகப்பிரியா கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள். ஹாலைச் சுற்றிப் பார்த்தாள்.

“ஏனுங்க, என்னமோ நின்னு போச்சாட்டம் இருக்குதுங்களே?”

“கரண்ட்டு போயிருச்சு அம்மணி.”

“அது தெரியுமுங்க. அது இல்ல. வேற என்னமோ…” என்ன என்று சொல்லத் தெரியாமல் அவள் கழுத்தைத் தடவிக்கொண்டாள். “மனசுக்கு ஒரு மாதிரி இருக்குதுங்க. வெறிச்சுனு.”

தம்பி வண்டியில் இவ்வளவு நாள் கழித்து ஒரு சாமான் திரும்பிப் போகிறதே, அதுதான் என்று சபரீஷ் நினைத்தான். அவனுக்கும் வெறிச்சென்றுதான் இருந்தது.

மிதுன் பிக்கப்பில் தேங்காய் மூட்டைகளோடு வந்து இறங்கினான். கல்லூரி முடித்துவிட்டுத் தோப்பைப் பார்த்துக்கொள்கிறவன். வாய் சும்மா இருக்காது.

“என்னக்கா, உன்ற வீணை வித்துவானுக்குக் கட்டுச்சோறெல்லாம் கட்டிப்போட்ட மாதிரி இருக்குது?”

“பேசாம மோரக் குடி.”

“மாமா, மூஞ்சி ஏனுங்க இப்படி? பெட்டிதான போகுது? எங்கக்கா இங்கதான இருக்குது?”

சபரீஷ் சிரிக்க முயன்றான், வரவில்லை. ராசாத்தாள்தான் ஆரம்பித்தாள். “கண்ணு, போறது போகுது. கடைசியா ஒரு தடவ போட்டுட்டு அனுப்பு. அழுத கண்ணோட அனுப்பக் கூடாது.”

“கரண்ட்டு இல்லீங்களே அத்தை.”

“இன்வெர்ட்டர் இருக்குது” என்றான் சபரீஷ். கடைசி ஆசை அவனுக்கும் இருந்தது. கயிற்றை அவிழ்த்துப் பெட்டியை மறுபடியும் மேசைக்குத் தூக்கினான். டிவிக்குப் போகிற இன்வெர்ட்டர் பிளக்கில் சொருகினான். லோகப்பிரியா வேண்டாவெறுப்பாக அதே வீணைத் தட்டைப் போட்டாள். உறுமல் எந்த இடத்தில் கிளம்பும் என்று எல்லோருக்கும் மனப்பாடம். அந்த இடம் வந்தது. போனது.

உறுமல் வரவில்லை.

தட்டின் ஒரு பக்கம் முழுசாக ஓடி முடிந்தது. குரலில் கொஞ்சம் தகரம் இருந்தது. அதைத் தவிர ஒரு குறையும் இல்லை. யாரும் அசையவில்லை. முதலில் நினைவு திரும்பியவர் நஞ்சுண்டன்தான். தொடையில் ஓங்கித் தட்டினார்.

“பாத்தீங்களா! வோல்டேஜுன்னு சொன்னேனா இல்லியா? இன்வெர்ட்டர்ல ஏத்த எறக்கமே கெடையாது. படிச்சவன் ஸ்பீக்கர மாத்தறான், இவ உப்பச் சுத்தறா. கரண்ட்டுக்காரன் ஒருத்தன் ஊட்டுக்குள்ளயே இருக்கறேன், ஒருத்தரும் கேக்கல.”

“நீங்க எப்ப கரண்ட்டுக்காரராயிட்டீங்க?” என்றாள் ராசாத்தாள். ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

அன்றைக்கு மத்தியானம் அந்த வீட்டில் கல்யாணக் களை. தட்டு மாற்றித் தட்டு போட்டார்கள். லோகப்பிரியா பழையபடி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். சபரீஷ், பெட்டியைக் கட்டியிருந்த கயிற்றைச் சுருட்டித் தூரப் போட்டான். நஞ்சுண்டன், கரண்ட் வந்தாலும் பிளக்கை மாற்றக் கூடாது, இனி இது இன்வெர்ட்டரிலேயே ஓட வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டுக் குடோனுக்குப் போனார். மின்சாரம் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தறி ஓடத் தொடங்கியது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக எல்லாம்.

அண்டா உருண்டது.

சபரீஷ் பாய்ந்து போய்ப் பிளக்கைப் பார்த்தான். இன்வெர்ட்டர் பிளக்தான். ஒயரை உருவித் திருப்பிச் சொருகினான். பெட்டியைத் தட்டினான். முள் துள்ளியது.

“எனக்கு வேண்டாமுங்க” என்றாள் லோகப்பிரியா. இந்த முறை குரலில் பதம் இல்லை, உடைந்து வந்தது. “தயவு பண்ணி ஏத்திருங்க. நல்லாப் பாடற மாதிரி பாடி, பாடி… என்னால முடியலீங்க.”

மிதுன் மேசையின் மேல் கையை விரித்து வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தான். கையை எடுத்தான். மறுபடியும் வைத்தான். பிறகு சுவரில் வைத்துப் பார்த்தான்.

“மாமா, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க ஊடே நடுங்குதுங்க.”

“எது நடுங்குது?” கதவருகே வந்து நின்ற நஞ்சுண்டனுக்குச் சுருக்கென்றது. “ஏனுங்க மாப்ள, நின்னு கட்டுன ஊடு இது. கம்பி எல்லாம் எச்சாப் போட்டுக் கட்டியிருக்கறேன். நடுங்குதாமா!”

“ஊடு கெட்டின்னு தெரியுதுங்க மாமா. தறி ஓடறதுல நடுங்குது. தரை, சொவரு, மேசை எல்லாமே. நான் வந்தப்ப இல்ல, இப்ப என்ற காலே கூசுது. முள்ளு தட்டு மேலதான நிக்குது? அது வீணையையும் கேக்கும், உங்க தறியையும் கேக்குமுங்களே.”

சபரீஷ் மேசையில் கையை வைத்தான். ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வைத்தான். பிறந்ததிலிருந்து அவன் காலடியில் இருந்த நடுக்கம் அது. தொட்டிலில் கிடந்தபோது அவனைத் தூங்க வைத்தது. அதைத் தனியாக உணர, காதுக்குள் ஓடுகிற தன் ரத்தத்தைக் கேட்க முயல்வது போல அவன் பாடுபட வேண்டியிருந்தது. மெல்ல மெல்ல உள்ளங்கைக்கு அடியில் அது வந்தது. மழையா என்று ஜபருல்லா கேட்டது நினைவுக்கு வந்தது. டவுன்ஹால் சந்தில் உட்கார்ந்திருந்த மனிதருக்குக் கேட்டிருக்கிறது. நடுவில் நின்ற இன்ஜினியருக்குக் கேட்கவில்லை. எத்தனை ஸ்பீக்கர், எத்தனை அலைச்சல்! சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் என்றால், அந்தச் சுவருந்தான் நடுங்கிக்கொண்டிருந்தது.

“ஏன்டா மிதுன்” என்றாள் லோகப்பிரியா மெதுவாக. “எனக்கு ஏன் தெரியல?”

“வந்த புதுசுல போன் பண்ணிப் பண்ணி அழுத. பொழுதுக்கும் கடகடங்குது, தலகாணிய ரெண்டு காதுலயும் அமுக்கிக்கிட்டுப் படுக்கறேன்னு. அம்மா பஞ்சு குடுத்து உட்டாங்களே, மறந்து போட்டியா?”

அவள் மறந்துதான் போயிருந்தாள். பஞ்சு வைப்பதை எப்போது விட்டாள், சத்தம் எப்போது காதிலிருந்து இறங்கியது என்று யோசித்துப் பார்த்தாள், தெரியவில்லை. காலையில் எல்லாம் நின்றபோது கரண்டியோடு ஓடி வந்தது ஏன் என்று மட்டும் இப்போது தெரிந்தது. அவள் சபரீஷைப் பார்த்தாள். அவனுக்கும் அதே நினைவு வந்திருக்க வேண்டும்.

“அம்மணி, உனக்கே கேக்காமப் போயிருச்சு பாரு” என்றான். அதைச் சொன்னதில் எவ்வளவு சந்தோஷம் என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

“போதுமுங்க. ரொம்பப் பெருமதான்” என்றாள். ஆனால் முகம் சிவந்தது.

இப்போது நஞ்சுண்டன் பக்கம் எல்லோரும் திரும்பினார்கள். அவர் கையைத் தூக்கிவிட்டார்.

“தறிய நிறுத்தச் சொல்லி மட்டும் கேக்காதீங்க. பாவு நூலு ஏத்திக் குடுத்தவனுக்குத் துணி போகோணும்.”

“யாருங்க நிறுத்தச் சொன்னா?” என்றான் சபரீஷ். மாடிக்குக் கொண்டு போனால் மாடியும் ஆடும். மேசைக்கு அடியில் ரப்பர் வைத்துப் பார்த்தார்கள். உறுமல் கொஞ்சம் தணிந்தது, அடங்கவில்லை. தரையையும் சுவரையும் தொடாத ஓர் இடம் வேண்டும். இந்த வீட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று அண்ணாந்தவன், அப்படியே நின்றான். அவன் பார்வை போன இடத்தைப் பார்த்து ராசாத்தாள் பதறினாள்.

“அடேய்! அது தொட்டில் கொக்கி!”

“தெரியுமுங்கம்மா.”

“அதுல கொழந்தையத்தான் போடோணும். பாட்டுப் பொட்டியப் போடுவாங்களா?”

லோகப்பிரியா தலை குனிந்து, போர்வையைத் தேடி எடுத்து, பெட்டியை மறுபடியும் சுற்ற ஆரம்பித்தாள். ராசாத்தாள் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, ஒரு முடிவுக்கு வந்தவளாக, அந்தப் போர்வையைப் பிடுங்கினாள்.

“வெறுங்கொக்கியப் பாத்துப் பாத்து வர்றவளுக எல்லாம் இவளக் கேள்வி கேக்கறாளுக. ஒண்ணு தொங்குனா, வாயடைச்சுப் போகட்டும். மாட்டுடா.”

“அத்தை…”

“நீ பேசாத கண்ணு. கொழந்த வந்தா அப்பப் பாத்துக்கலாம். அது ஒண்ணும் பாட்டக் கேட்டுட்டு அழப் போறதில்ல.”

குடோனில் கிடந்த பழைய சைக்கிள் டியூப்களை சபரீஷ் அள்ளிக்கொண்டு வந்தான். ஒரு மரப்பலகையின் நான்கு மூலையிலும் டியூபைக் கட்டி, நான்கையும் சேர்த்துக் கொக்கியில் முடிந்தான். மிதுன் ஏணியைப் பிடித்துக்கொண்டு, “மாமா, முடிச்சு கெட்டியாப் போடுங்க. எங்கக்கா சொத்து” என்று கீழிருந்து ஏவினான். பலகையின் மேல் பெட்டி அந்தரத்தில் ஏறியது. ரப்பர் இழுத்துக்கொண்டு ஓர் அடி இறங்கி, மேலும் கீழும் தளும்பி, நின்றது. லோகப்பிரியா மூச்சுக்கூட விடாமல் முள்ளை வைத்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள் எல்லாம் முழுமூச்சாக ஓடின. இந்தப் பக்கம் வீணை வந்தது. உறுமல் அறவே போய்விட்டது என்று சொல்ல முடியாது. காதைக் கொண்டுபோய் வைத்தால், தூரத்தில் ஓர் அண்டா, மனசில்லாமல் உருண்டது. ஆனால் முள் துள்ளவில்லை.

“ஆஹா!” என்று நஞ்சுண்டன் இரண்டு எட்டு முன்னால் வைத்தார். அவர் தோள் பட்டுப் பெட்டி ஆடியது. முள் வழுக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போனது.

“அப்பா! நடக்காதீங்க!” என்று சபரீஷ் அலறினான்.

“என்ற ஊட்டுல நான் நடக்கக் கூடாதா?”

“பாட்டு ஓடறப்ப நடக்கக் கூடாதுங்க மாமா” என்றாள் லோகப்பிரியா. மாமனாரிடம் அவள் முதன்முதலாகப் போட்ட உத்தரவு அது. நஞ்சுண்டன் திகைத்து, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே, “வோல்டேஜும் ஒரு காரணந்தான்” என்றார்.

பொழுது சாய்வதற்குள் மிதுன் கிளம்பினான். காலி பிக்கப்பைப் பார்த்து, “வெறும் வண்டியா அனுப்பறீங்களே” என்று அவன் குறைப்பட்டுக்கொள்ள, ராசாத்தாள் அதில் இரண்டு துணிப் பொதிகளை ஏற்றிவிட்டாள். வண்டி திருப்பத்தில் மறைகிறவரை சபரீஷ் வாசலில் நின்றான். உள்ளே வந்தபோது லோகப்பிரியா பீரோவைத் திறந்து, பருத்திச் சேலை மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். விளிம்பில் கிழிசலோடு பழைய ஸ்பீக்கர்.

“ஏனுங்க, இது மேல ஒரு தப்பும் இல்லையாமா. பாவம், இத்தன நாளா உள்ள கெடக்குது.”

சபரீஷுக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியில் சாய்ந்து, நெற்றியைப் பிடித்துக்கொண்டு, ஜபருல்லாவின் எண்ணை அழுத்தினான்.

“தம்பி, உறுமுதுன்னு மட்டும் சொல்லிராதீங்க” என்றது அந்தப் பக்கம்.

“இல்லீங்க பாய். பாடுது.”

“அல்ஹம்துலில்லாஹ்!”

“அந்தப் பழைய ஸ்பீக்கர ஒட்டி, திருப்பிப் போடோணுமுங்க.”

ஒரு பெருமூச்சு வந்தது. “அதத்தான தம்பி, மொத நாளே நான் சொன்னேன்?”

“ஆமாங்க பாய். சொன்னீங்க.”

“சரி, சனிக்கிழமை கொண்டாங்க. என்ன தம்பி, அங்க இன்னும் மழை விடலையா?”

சபரீஷ் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தான். இப்போது அவனுக்கும் கேட்டது.

“இங்க விடாதுங்க பாய்” என்றான்.

அவன் எழுந்து உள்ளே போகத் திரும்பினான். தட்டைப் போட்டுவிட்டுப் பெட்டியருகே நின்றிருந்த லோகப்பிரியா விரலை உதட்டில் வைத்துக்காட்ட, சுவரோரமாக நுனிக்காலில் நடந்து போனான்.